வன்னிக்கு யானை வழித்தடம் தேவையா? கோடு கீறுவதற்கு முன் கொஞ்சம் கதைப்போம்

கோண்டாவில் கமம் | ஞாயிறு, இரவு 8.40

நேற்று யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வடக்கின் விவசாயம் பற்றிக் கனக்கக் கதைத்தார்கள். கடைசி அரை மணித்தியாலம் முழுக்க யானைதான். ஒருவர் வரைபடத்தை விரித்து, மடுவில் தொடங்கி முல்லைத்தீவுக் கரை வரைக்கும் பச்சையில் ஒரு கோடு கீறி, "இதை யானை வழித்தடம் என்று அரச வர்த்தமானியில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்" என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலையாகக் காட்டு யானை இல்லை என்பது தெரியும். ஆனால் இங்கே கனபேருடைய வயல் வன்னியில்தான் இருக்கிறது. எங்களுக்கும் ஒட்டுசுட்டானுக்கு அங்கால் கொஞ்சம் உண்டு. போன காலபோகத்தில் வெட்டுக்கு முதல் வாரம் யானை இறங்கி, வரம்பு எது வயல் எது என்று தெரியாமல் ஆக்கிவிட்டுப் போனது.

என்னைக் கேட்டால் வழித்தடம் வேண்டும். இந்தியாவில் இதைப் பட்டியல் போட்டே செய்கிறார்கள். 2005 இல் 88 வழித்தடங்கள், 2017 இல் 101, 2023 இல் அரசாங்கமே வெளியிட்ட கணக்கில் 150. நீலகிரியில் சீகூர் வழித்தடத்தை மறித்துக் கட்டிய உல்லாச விடுதிகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஒக்டோபரில் யானைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வயநாட்டில் திருநெல்லிப் பக்கம் வழியில் இருந்த சிறு குடியிருப்புகளை வேறு இடத்தில் காணி கொடுத்துக் குடியமர்த்தினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நெடுங்கேணி மாமா | ஞாயிறு, இரவு 9.15

தம்பி, அந்தப் பச்சைக் கோடு எங்கள் வளவுக்கு மேலாலும் போகிறதா என்று அந்த ஐயாவிடம் ஒருக்கால் கேட்டுச் சொல்லும்.

மண்டபத்தில் இருந்து பார்த்தால் யானை மடுவிலிருந்து வெளிக்கிட்டு முல்லைத்தீவுக்குப் பயணம் போகிற மாதிரித் தெரியும். எங்களுடைய யானை எங்கேயும் பயணம் போவதில்லை. அது எங்களோடுதான் இருக்கிறது. பகலில் குளத்துக்கு மேல் பற்றைக்காட்டுக்குள் நிற்கும். பொழுது பட்டதும் குளத்துக்கு இறங்கும், பிறகு வயலுக்கு வரும். காது கிழிந்த அலியன் (ஆண் யானை) ஒன்று இருக்கிறது. மீள்குடியேறி வந்த நாளிலிருந்து அதைப் பார்க்கிறோம். எந்த வீட்டில் வாழை குலை தள்ளியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிய முதலே அதற்குத் தெரியும். இப்படி ஒருவருக்கு நீங்கள் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கப் போகிறீர்கள்?

இன்னொன்று. வன்னியில் "வர்த்தமானியில் போடுவது" என்றால் சனம் பயப்படும். போர் முடிந்து வந்தபோது எங்கள் பழைய சேனைக் காணியெல்லாம் காடாகிக் கிடந்தது. பிறகு பார்த்தால் அது காட்டுக் காணி என்று எல்லைக்கல் நட்டிருந்தது. காணி உறுதி இருக்கிறவர்களும் அலைந்தார்கள். இப்போது யானையின் பெயரில் இன்னொரு கல்லா?

---

காட்டுப்பாலை | ஞாயிறு, இரவு 10.52

மாமா சொன்னது வெறும் அனுபவக் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்கிறது.

இலங்கையில் யானைகளுக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டி போட்டுப் பின்தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ. 2008 இல் வந்த அவர்களுடைய ஆய்வில் ஒரு யானையின் நடமாட்டப் பரப்பு சுமார் 30 தொடக்கம் 400 சதுர கிலோமீற்றர் வரை இருந்தது. சராசரி நூறு சொச்சம். பருவத்துக்குப் பருவம் நெடுந்தூரம் இடம்பெயர்கிற வழக்கம் இல்லை. தன் பரப்புக்குள் மாரியில் ஒரு பக்கம், கோடையில் ஒரு பக்கம் என்று மாறி நிற்கும். அடுத்த வருடமும் அதே இடத்துக்கு வரும். தாய் காட்டிய இடத்தையே பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். ஆபிரிக்காவில் நூற்றுக்கணக்கான மைல் நடக்கிற யானைக் கூட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிவிட்டு நாங்கள் அதே படத்தை வன்னியில் போட்டுப் பார்க்கிறோம்.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். நாடு முழுவதையும் சிறு சதுரங்களாகப் பிரித்து எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2019 இல் வெளிவந்தது. இலங்கையின் நிலப்பரப்பில் கிட்டத்தட்ட 60 வீதத்தில் யானை இருக்கிறது. அந்த யானை நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். அதாவது "காட்டில் யானை, ஊரில் மனிதர், நடுவில் ஒரு பாதை" என்கிற அமைப்பு எங்கள் நாட்டின் பெரும் பகுதியில் கிடையாது. ஒரே நிலத்தில் இரண்டு பேரும் இருக்கிறோம். நேரம்தான் வேறு வேறு. அவர் இரவுக்காரர்.

வழித்தடம் என்பது சரியான கருத்துதான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட நோய்க்கான மருந்து. யானைக்குத் தேவையான இரண்டு பெரிய இடங்கள் இருக்க வேண்டும், அவற்றுக்கு நடுவே ஒடுங்கிய ஒரு இணைப்பு மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும், அதை யானை இன்றைக்கும் பாவிக்க வேண்டும். சீகூரில் அப்படித்தான்: ஒரு பக்கம் நீலகிரி மலைச்சரிவு, மறுபக்கம் மோயாற்றுப் பள்ளம், நடுவில் ஒடுங்கிய நிலம். தெற்கில் உடவளவை, லுணுகம்வெஹர தேசிய பூங்காக்களுக்கு இடையில் வெட்டஹிரகந்தையை ஒதுக்கியதும் அதே நியாயத்தில்தான். ஒட்டுசுட்டான் பக்கம் அப்படி ஒடுங்கிய கழுத்து எங்கே இருக்கிறது? காடும் குளமும் வயலும் கலந்து கிடக்கிறது.

---

பனங்காய்ப் பணியாரம் | ஞாயிறு, இரவு 11.20

குடாநாட்டின் வாசலான ஆனையிறவில் சுங்கச் சாவடி ஒன்று போட்டால் குடாநாட்டுக்குள் வருகிற யானையிடம் காசு அறவிடலாம். வீதி திருத்தக் காசு இல்லை என்று சொல்கிறார்களே.

---

பழங்கடதாசி | திங்கள், காலை 6.30

பகிடிக்குச் சொன்னாலும் அந்த வழியால் போன யானைக்குக் காசு கைமாறியது உண்மை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளைக் கடல்நீரேரியைக் கடத்திக் குடாநாட்டுக்குள் சாய்த்து, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். வன்னியை ஆண்ட வன்னியர்கள் திறையாகவே யானை கொடுத்தார்கள். தென்னிந்தியாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வியாபாரிகள் யாழ்ப்பாணம் வந்து விலை பேசினார்கள். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தக் கம்பனிக் கணக்குப் புத்தகத்தில் யானை ஒரு பெரிய வரவு.

ஆங்கிலேயர் வந்ததும் கதை மாறியது. அவர்களுக்கு யானை ஒரு தொல்லை. சுட்டு வாலைக் கொண்டுபோய்க் காட்டினால் சன்மானம். அப்போது இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருப்பது: 1848 க்கு முந்திய மூன்று வருடங்களுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2011 இல் முழு இலங்கையிலும் எண்ணிய யானைகளே 5,879 தான். "யானை இப்போதுதான் பெருகிவிட்டது" என்று சொல்கிறவர்கள் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

---

ஸ்காபரோ சின்னண்ணன் | திங்கள், காலை 7.05

ரொறன்ரோவில் இருந்து கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். கரைச்சல் தருகிற நாலைந்து யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து வில்பத்துவில் விட்டால் என்ன? வழித்தடம், வேலி என்று ஏன் இவ்வளவு செலவு? காசு சேர்க்க வேண்டுமென்றால் ஊர்ச் சங்கத்தில் நான் கதைக்கிறேன்.

---

காட்டுப்பாலை | திங்கள், காலை 8.10

அண்ணை, அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 12 ஆண் யானைகளைப் பிடித்து வேறு வனங்களில் விட்டு, கழுத்துப்பட்டியோடு பின்தொடர்ந்த ஆய்வு 2012 இல் வந்தது. சில திரும்பிப் பழைய ஊருக்கே வந்தன. சில புது இடத்தில் நிற்காமல் அலைந்தன. மிச்சம் விட்ட இடத்துக்குப் பக்கத்தில் தங்கி, அங்குள்ள ஊரில் புதிதாகக் கரைச்சலைத் தொடங்கின. மனிதரும் செத்தார்கள், யானையும் செத்தது. ஹொரவப்பொத்தானையில் இப்படியான யானைகளை வேலி போட்டு அடைத்து வைக்க ஒரு இடமே அமைத்தார்கள். அதிலும் சில இறந்தன, சில வேலியை உடைத்துக்கொண்டு போயின.

கூட்டமாகத் துரத்துவது இன்னும் மோசம். வெடி போட்டு, நூற்றுக்கணக்கில் ஆட்கள் சேர்ந்து துரத்தினால் முன்னால் ஓடுவது தாயும் குட்டியும்தான். வயலுக்கு வருகிற கள்ள ஆண் யானை பற்றைக்குள் பதுங்கி நின்றுவிடும். தெற்கில் அப்படித் துரத்தி வேலிக்குள் அடைத்த கூட்டங்கள் உள்ளே தீன் இல்லாமல் எலும்பும் தோலுமாகி நின்றன.

வில்பத்து வெறுமையாகக் கிடக்கிறது என்கிற நினைப்பிலும் ஒரு பிழை. அந்தக் காட்டுக்கு எத்தனை யானையைச் சாப்பாடு போட்டு வைத்திருக்க முடியுமோ அத்தனை ஏற்கனவே உள்ளே நிற்கும். முதிர்ந்த அடர்காட்டில் யானைக்குத் தீன் குறைவு. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ வரை தின்கிற உயிர் அது. புல்லும் இளம் பற்றையும்தான் வேண்டும். அது கிடைப்பது வற்றிய குளத்தின் படுக்கையிலும், விட்டுப்போன சேனையிலும், அறுவடை முடிந்த வயலிலும். எங்கள் கமம்தான் அதற்கு மேய்ச்சல் தரையைச் செய்து கொடுத்தது.

---

கோண்டாவில் கமம் | திங்கள், மாலை 5.30

எல்லாம் சரி. ஆனால் வழித்தடம் இல்லை, பிடிப்பதும் இல்லை, துரத்துவதும் இல்லை என்றால் கமக்காரன் என்ன செய்வது? 2019 இல் நாடு முழுவதும் நானூறு யானைக்கு மேலும் நூறு மனிதருக்கு மேலும் செத்தார்கள். 2023 இல் யானை நானூற்றைம்பதையும் தாண்டியது, மனிதர் நூற்றைம்பதையும் தாண்டினார்கள். ஆராய்ச்சி கூடக் கூடச் சாவும் கூடுகிறதே!

மின்வேலியும் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்குப் போட்டாயிற்று. அதுவும் வேலை செய்யவில்லை என்றுதானே சொல்கிறார்கள்?

---

தென்மராட்சி வயர்மன் | திங்கள், இரவு 9.40

மின்வேலி வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். எங்கே போட்டது, யார் பார்த்தது என்று கேளுங்கள். நான் சாவகச்சேரி. மாங்குளம் பக்கம் இரண்டு மூன்று ஊரில் வேலி வேலைக்குப் போயிருக்கிறேன்.

முதலில் வேலி எப்படி அடிக்கிறது என்று விளங்க வேண்டும். 12 வோல்ட் பற்றரி, அதை ஏற்ற ஒரு சோலார் பலகை, நடுவில் எனர்ஜைசர் பெட்டி. அந்தப் பெட்டி கம்பிக்கு ஆறாயிரம், எட்டாயிரம் வோல்ட்டில் ஒரு துடிப்பு அனுப்பும். செக்கனுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அதனால் சாகடிக்காது, நோகடிக்கும். சனம் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுக்கிறதே, 230 வோல்ட், அதுதான் யானையையும் கொல்லும், விடியப்புறம் பார்க்கப் போன ஆளையும் கொல்லும். இரண்டையும் "கரண்ட் வேலி" என்று ஒரே பெயரில் சொல்லி எல்லோரையும் குழப்பி வைத்திருக்கிறோம்.

யானைக்கு அடி விழ வேண்டுமென்றால் சுற்று பூர்த்தியாக வேண்டும். கம்பியிலிருந்து யானை, யானையிலிருந்து நிலம், நிலத்திலிருந்து எர்த் கம்பி, அங்கிருந்து பெட்டி. எங்கள் மணல் நிலம் கோடையில் காய்ந்து பொரியும்போது நிலம் கடத்தாது. பெட்டி நல்லது, பற்றரி நல்லது, கம்பியும் நல்லது, யானை சாதாரணமாகக் கடந்து போகும். குறை எர்த்தில். நான் பார்த்த பாதி வேலியில் ஒரே ஒரு எர்த் கம்பியை முழங்கை ஆழத்துக்கு அடித்து விட்டிருந்தார்கள். நல்ல நீளக் கம்பி குறைந்தது மூன்று, இடைவெளி விட்டு, ஈரம் இருக்கிற இடமாகப் பார்த்து அடிக்க வேண்டும்.

மாரியில் வேறு பிரச்சினை. புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டவுடன் கரண்ட் நிலத்துக்குப் போய்விடும். எட்டாயிரம் போக வேண்டிய இடத்தில் இரண்டாயிரம் போகும். யானைக்கு அது நுளம்பு கடித்த மாதிரி. கிழமைக்கு ஒருக்கால் ஆள் நடந்து வெட்ட வேண்டும், மீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும்.

யானையும் சும்மா நிற்கிற ஆள் இல்லை. தந்தம் மின்சாரம் கடத்தாது. கொம்பன் தந்தத்தால் கம்பியை இழுக்கும். எங்கள் ஊர் யானையில் கொம்பன் குறைவு என்பதால் மற்றவை காலால் கட்டையை உதைக்கும், அல்லது ஒரு மரத்தை முறித்துக் கம்பி மேல் போடும். கம்பி அறுந்த அன்றைக்கே திருத்தினால் அது விட்டுவிடும். ஒரு கிழமை விட்டீர்களோ, பிறகு அந்த வேலி அதற்குக் கணக்கில்லை.

நான் வேலை செய்த ஒரு ஊரில், கட்டையெல்லாம் நட்டு, திறப்பு விழா முடிந்து, படமும் எடுத்தாயிற்று. ஆறாம் மாதம் போய்ப் பார்த்தேன். பற்றரியைக் காணோம். யாரோ வீட்டு ரீவிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேலிக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டினார்.

---

நெடுங்கேணி மாமா | திங்கள், இரவு 10.05

ரீவிக்குப் போன பற்றரிக் கதை எங்கள் பக்கமும் உண்டு. ஊர் பேர் சொல்லவில்லை, நன்றி.

ஆனால் வயர்மன் தம்பி ஒன்றை விட்டுவிட்டார். எங்கள் வேலி நிற்கிற இடம் காட்டுக்கு நடுவில். இந்தப் பக்கமும் காடு, அந்தப் பக்கமும் காடு. ஒரு திணைக்களத்தின் எல்லை முடிந்து மற்றத் திணைக்களத்தின் எல்லை தொடங்குகிற இடமாம். யானை இரண்டு பக்கமும் நிற்கிறது. எந்த யானையை எந்தப் பக்கத்தால் மறிக்கிறார்கள் என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

---

காட்டுப்பாலை | திங்கள், இரவு 11.30

மாமா, நாடு முழுவதும் அதே கதைதான். 2020 இல் ஜனாதிபதி நியமித்த குழு ஒன்று யானை-மனித மோதலுக்குத் தேசிய செயற்திட்டம் எழுதியது. தலைவர் நான் மேலே சொன்ன பிரித்திவிராஜ் பெர்னாண்டோ. அதன் மையமான வாதம் நீங்கள் சொன்னதுதான்: வேலியை நிர்வாக எல்லையில் போடாதே, யானை போகக்கூடாத இடத்தைச் சுற்றிப் போடு. யானையை உள்ளே வைத்து அடைக்காதே, ஊரையும் வயலையும் சுற்றி அடை. ஊரைச் சுற்றியது நிரந்தர வேலி. வயலைச் சுற்றியது பருவ வேலி: விதைத்ததும் கட்டுவது, வெட்டியதும் கழற்றுவது. கழற்றியதும் யானை வந்து ஒட்டுத்தாளையும் (வெட்டியபின் மிஞ்சுகிற நெல் அடித்தாள்) புல்லையும் தின்றுவிட்டுப் போகட்டும்.

கல்கமுவப் பக்கம் இதைப் பத்து வருடத்துக்கு மேலாக நடத்துகிறார்கள். முக்கியம் என்னவென்றால் வேலி கமக்காரர் அமைப்பின் சொத்து. காசிலும் உழைப்பிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. வயர்மன் அண்ணை சொன்ன "யார் பார்ப்பது" என்கிற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது: தன் நெல்லுக்குப் பக்கத்தில் ஓடுகிற கம்பியை ஒருவன் தானாகவே பார்ப்பான். ஐந்து மைல் தள்ளிக் காட்டுக்குள் ஓடுகிற கம்பியை ஒருவனும் பார்க்க மாட்டான்.

---

அரியாலை அன்னம் | செவ்வாய், காலை 9.00

ஒரு சந்தேகம். பருவ வேலியைக் கழற்றினால் யானை இன்னும் ஊருக்குக் கிட்ட வந்து பழகிவிடாதா? குட்டியிலிருந்தே வயலில் மேய்ந்து பழகினது, பயிர் இருக்கும்போது மட்டும் எப்படி விலகி நிற்கும்?

இரண்டாவது, பனை வேலி பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் ஊரில் பனைக்கு என்ன குறை? நெருக்கமாக நட்டால் மதில்தானே.

---

காட்டுப்பாலை | செவ்வாய், காலை 10.20

அக்கா, நல்ல கேள்வி. வேலி நின்றால் அடி விழும், இல்லையென்றால் தீன் இருக்கும் என்று அதற்கு விளங்கும். வெடிக்கும் வேலிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். வெடி ஆளைப் பொறுத்தது. இன்றைக்குக் கொளுத்துவார், நாளைக்கு நித்திரை கொள்ளுவார். வருடக்கணக்காக வெடியும் கூக்குரலும் பட்ட யானை ஆளைக் கண்டால் ஓடுவதை விட்டுவிட்டுத் திருப்பித் துரத்தப் பழகுகிறது. வேலிக்கு ஆள்மேல் கோபம் வராது.

ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஊர் வேலி ஒழுங்காக இல்லாமல் வயல் வேலியை மட்டும் போட்டால், வயல் கிடைக்காத யானை வீட்டு மூலையில் இருக்கிற நெல் மூடைக்கு வரும். சுவரை உடைத்து உள்ளே கை போடும். இரண்டும் சேர்ந்துதான் போட வேண்டும்.

பனை: வளர்ந்த பனையை யானை சாய்ப்பது கஷ்டம், சரி. வடலி வளர்ந்து மரமாகப் பதினைந்து வருடத்துக்கு மேல். அதுவரை வடலியை யார் காப்பாற்றுவது? குருத்து யானைக்கு நல்ல சாப்பாடு. வளர்ந்த பிறகும் இப்போது மாதிரி ஆவணியில் பழம் விழும்போது அதற்கென்றே வரும். கள்ளனைத் தடுக்கக் கருப்பட்டியால் மதில் கட்டின மாதிரித்தான். கரையோரத்துக்கும் மண்ணுக்கும் பனை நடுங்கள், அது வேறு.

---

வடகாடு | செவ்வாய், பிற்பகல் 2.15

எல்லோரும் படித்த கதை கதைக்கிறீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணை விடிய ஐந்து மணிக்குச் சைக்கிளில் பால் கொண்டு போனவர். வீதி வளைவில் யானை. மூன்று பிள்ளைகள். நட்டஈட்டுக்கு அந்த அக்கா எத்தனை கடிதம் கொண்டு எத்தனை கந்தோர் ஏறினார் என்று எங்களுக்குத் தெரியும். யானை செத்தால் பத்திரிகை முன்பக்கம், அவர் செத்தது உள்பக்கத்தில் நாலு வரி.

பூசணிக்காய்க்குள் வெடி வைக்கிறவனைக் கெட்டவன் என்பீர்கள். அவனை அந்த இடத்துக்குக் கொண்டு வந்தது யார்?

---

மட்டுறுத்துனர் | செவ்வாய், பிற்பகல் 2.50

வடகாட்டின் பதிவு இருக்கட்டும். அதற்கு மறுமொழியாக வெடி செய்கிற முறையை எழுதியவரின் பதிவை நீக்கியிருக்கிறேன். திரும்ப எழுதினால் கணக்கும் போகும்.

---

நெடுங்கேணி மாமா | செவ்வாய், மாலை 6.20

வடகாடு தம்பி, உன் கோபம் எங்களுக்கும் உண்டு. நானும் யானைக்காக வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பூசணிக்காய்க்குள் வைக்கிற அந்த ஹக்கபட்டாஸ் வெடியைக் கடித்த குட்டி ஒன்று வாய் சிதறி எங்கள் குளத்தடியில் நின்றது. தின்னவும் முடியாது, குடிக்கவும் முடியாது. தாய் அசையவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தாயின் பக்கம் ஒருவரும் போக முடியாமல் போனது. உன் அண்ணைக்கு நடந்ததுபோல இன்னொருவருக்கு நடப்பதற்கு அதுதான் நேர்வழி. கோபத்தில் செய்கிற வேலை எங்கள் தலையிலேயே வந்து விழுகிறது.

வீதிக் கரையில் பற்றை வெட்டி வெளிச்சம் போட்டிருந்தால் அவர் தூரத்திலேயே கண்டிருப்பார். அதைக் கேட்டு நாங்கள் கொடுத்த மனு எங்கே கிடக்கிறதோ.

---

யாழ்தேவிப் பயணி | செவ்வாய், இரவு 8.00

வீதி பற்றிச் சொன்னதால் ரயிலையும் சேர்க்கிறேன். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. புதுப் பாதை, நல்ல வேகம், எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் மதவாச்சி தாண்டி வவுனியா, மாங்குளம் வரை இரண்டு பக்கமும் காடு. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கத்தில் மட்டக்களப்பு ரயில் ஒரு கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன, ரயிலும் தடம்புரண்டது.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் மதுக்கரை என்று ஒரு இடம். அங்கே ரயில் மோதிப் பல யானைகள் செத்த பிறகு, 2024 தொடக்கத்தில் கோபுரங்களில் வெப்பக் கமெரா வைத்து, யானை பாதைக்குக் கிட்ட வந்தால் ரயில்காரருக்கு உடனே செய்தி போகிற ஏற்பாட்டைச் செய்தார்கள். பாதைக்குக் கீழால் யானை போகச் சுரங்க வழியும் உண்டு. கென்யாவில் 2011 இல் நெடுஞ்சாலைக்குக் கீழால் ஒரு யானைச் சுரங்க வழி திறந்தார்கள்; அதையும் யானைகள் பாவிக்கின்றன.

காட்டுப்பாலையிடம் கேள்வி: இதெல்லாம் வழித்தடம்தானே? அப்படியென்றால் வழித்தடம் தேவையில்லை என்பது சரியா?

---

காட்டுப்பாலை | செவ்வாய், இரவு 9.45

தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நூறு கிலோமீற்றருக்குக் கோடு கீறாதீர்கள் என்கிறேன். ஒரு யானையின் வீட்டை ரயில் பாதையோ வாய்க்காலோ இரண்டாக வெட்டினால், வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு வாசல் வேண்டும். அது நூறு மீற்றர் விஷயம். எந்த மைல்கல்லில் கடக்கிறது என்று ரயில் ஓட்டுகிறவர்களுக்கே தெரியும். அந்த இடத்தில் இரவில் வேகத்தைக் குறைப்பதற்குக் கமெராவும் தேவையில்லை.

கோண்டாவில் அண்ணை, கூட்டத்தில் அந்த ஐயாவிடம் கேட்கக்கூடிய கேள்வி இதுதான்: கோட்டுக்கு வெளியே நிற்கிற யானைக்கு என்ன திட்டம்? வழித்தடம் அறிவித்தால் அடுத்த நாளே "யானைக்குத்தான் இடம் கொடுத்தாயிற்றே" என்று சொல்லி மிச்சப் பற்றைக்காட்டையெல்லாம் பகிர்ந்து கொடுப்பார்கள். யானையின் வீட்டை எடுத்துவிட்டு விறாந்தையை எழுதிக் கொடுப்பதுபோல் ஆகிவிடும். ஹம்பாந்தோட்டையில் கமக்காரர்களே வீதியில் இருந்து போராடி 2021 இல் வர்த்தமானியில் போட வைத்தது வழித்தடத்தை இல்லை. யானை நின்று மேய்கிற முழுப் பரப்பையும், மனிதரும் அளவோடு பாவிக்கக்கூடிய ஒதுக்கிடமாக அறிவிக்கக் கேட்டார்கள். யானைக்காக இல்லை, தங்கள் வயலுக்காகத்தான் கேட்டார்கள்.

குளப் படுக்கையையும் கவனிக்க வேண்டும். மின்னேரியாவில் கோடையில் குளம் வற்ற வற்ற முளைக்கிற புல்லுக்குத்தான் நூற்றுக்கணக்கில் யானை கூடும். மொரகஹகந்தை நீர்த்தேக்கத் தண்ணீர் கோடையிலும் வந்து நிரம்பிய வருடங்களில் புல் தண்ணீருக்குள் போனது. பசித்த யானை எங்கே போகும்? பக்கத்து ஊருக்கு. வன்னிக் குளங்களின் அலைகரையில், அதாவது தண்ணீர் வற்றும்போது வெளிப்படும் குளத்துக் கரை நிலத்தில், களவாக வேலி அடைத்துச் சிறுபோகம் செய்கிறவர்களும் அதே வேலையைத்தான் சிறிய அளவில் செய்கிறார்கள்.

---

கோண்டாவில் கமம் | செவ்வாய், இரவு 10.30

அலைகரைக் கதை எங்கள் பக்கத்துக்குச் சரியாகப் பொருந்தும். யார் செய்கிறார்கள் என்று எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

சரி, நடக்கிற காரியத்துக்கு வருவோம். ஒட்டுசுட்டானில் எங்கள் வயலோடு சேர்த்து ஒரே வயல்வெளியாக முப்பது பேர் வரையில் இருக்கிறோம். பாதிப் பேர் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குத்தகைக்கு விட்டவர்கள். பருவ வேலிக்குக் காணிக்காரன் காசு போடுவதா, குத்தகைக்காரன் போடுவதா?

---

நெடுங்கேணி மாமா | புதன், காலை 5.50

கம்பி, பெட்டி, பற்றரி காணிக்காரன். கட்டையும் உழைப்பும் காவலும் குத்தகைக்காரன். ஏக்கர் கணக்கில் பிரியுங்கள், தலைக்கணக்கில் பிரித்தால் சண்டைதான். காலபோகக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு சேர்த்து இதையும் எழுத்தில் போடுங்கள். விதைப்பு ஒரே கிழமையில் முடிய வேண்டும். ஒருவன் ஒரு மாதம் பிந்தி விதைத்தால் அவனுடைய ஒரு துண்டுக்காக வெளி முழுக்க வேலி நிற்க வேண்டிவரும்.

கழற்றுகிற நாளில்தான் பெரிய கரைச்சல். வேலி எடுத்த அன்றைக்கே மாட்டுக்காரர் பட்டியைக் கொண்டுவந்து விடுவார்கள். மாடு தின்று முடித்தால் யானைக்கு ஒட்டுத்தாள் இல்லை. பகலில் மாடு, பொழுது பட்டால் பட்டி வெளியேற வேண்டும் என்று மாட்டுக்காரரையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

---

ஸ்காபரோ சின்னண்ணன் | புதன், காலை 6.40

பெட்டியும் மீற்றரும் என் கணக்கில் எழுதுங்கள். திறப்பு விழா வேண்டாம், படமும் வேண்டாம். பற்றரிக்குப் பூட்டுப் போட்ட இரும்புக் கூடு வேண்டும்.

---

தென்மராட்சி வயர்மன் | புதன், இரவு 7.30

கோண்டாவில் அண்ணை, வெளியின் சுற்றளவு எவ்வளவு? மண் களியா மணலா? பக்கத்தில் வாய்க்கால் உண்டா? தொலைபேசியில் படம் ஒன்று கீறி அனுப்புங்கள். எங்கே மரம் கம்பிக்குக் கிட்ட நிற்கிறது என்றும் குறியுங்கள்.

---

கோண்டாவில் கமம் | புதன், இரவு 8.15

சுற்றளவு நாலு கிலோமீற்றருக்குள் வரும். மேல் பக்கம் மணல் கலந்தது, கீழ்ப் பக்கம் களி. கீழ் மூலையால் கழிவு வாய்க்கால் ஓடுகிறது, கோடையிலும் ஈரம் இருக்கும். கிழக்கில் இரண்டு விளாமரம் சரியாக எல்லையில் நிற்கிறது.

---

தென்மராட்சி வயர்மன் | புதன், இரவு 8.40

அப்போ பெட்டியைக் கீழ் மூலையில் வைப்போம், எர்த்தை வாய்க்கால் கரையிலேயே அடிக்கலாம். விளாமரத்தை வெட்ட வேண்டாம். பழத்துக்கு அது எப்படியும் வரும். கம்பியை மரத்துக்கு உள்பக்கமாக, கிளை முறிந்தாலும் எட்டாத தூரத்தில் எடுங்கள். கட்டை நடுவதற்கு முன் நான் ஒருக்கால் வந்து பார்க்கிறேன். புரட்டாதி பிறந்த பிறகு வரலாமா?